அறுந்தது எந்தக் கயிறு?

தொலைபேசி அடித்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அந்தப் பக்கத்தில் ஜேர்மன்காரர் பேசினால் இவருக்கு இருந்தபடி பேச வராது. சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டி, தொண்டையைச் செருமி, ஏதோ நாட்டுத் தூதுவர் மாதிரி "குட்டன் டாக்" என்று தொடங்குவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹம் நகரத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டில் கறி மணக்கிறது என்று கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு செய்வாள் என்பதால், குளிரோ பனியோ ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் நாங்கள் இறைச்சி சமைப்போம். நான் கம்பளிச் சட்டையோடு கறியைத் துழாவிக்கொண்டு நின்றேன்.

அழைத்தவர் எங்கள் மகன் யூட்டின் பயிற்சியாளர். யூட் அப்போது பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். படிக்கிறான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். விளையாடிக்கொண்டிருந்தான் என்பதுதான் சரி.

"யா... யா..." என்றார் இவர். முகம் வெளிறிப்போனது. பிறகு, "குறொய்ட்ஸ்பாண்ட்?" என்று கேட்டார். "கெரிசன்? ஆ! குறொய்ட்ஸ்பாண்ட்!" போன உயிர் திரும்பி வந்தவர்போலச் சிரித்தார்.

அதற்குப் பிறகு இவர் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டில் எங்களிடம் இன்னும் நிறைய இருக்கிறது. என் மனைவி புதிதாக ஒன்று கட்டிவிடுவா."

 பயிற்சியாளர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"என்னவாமப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. விளையாடேக்கை பெடியன்ரை சிலுவைக் கயிறு அறுந்து போச்சாம். அதுக்குப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறாங்கள். கழுத்திலை கீறியிருக்கும். இவங்கள் நகம் பிஞ்சாலும் அம்புலன்ஸ் எடுக்கிற ஆக்கள்தானே."

சொல்லுக்குச் சொல்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு எசன் நகரத்திலிருந்து ஒரு வாசகி, "உங்கடை மனுசனை ஏன் அக்கா இப்பிடிக் கிழிக்கிறியள்?" என்று கேட்டிருந்தார். நான் கிழிக்கவில்லை தங்கச்சி. முப்பது வருடமாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

மரியதாஸ் என்ற இந்த மனிதர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது கையில் ஒரு பையும் பைக்குள் ஓர் அகராதியும் இருந்தனவாம். பை தொலைந்துவிட்டது. அகராதி மிஞ்சியது. கம்பித் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நேரத்தில் ஹம் தமிழர்களுக்கு இலவச மொழிபெயர்ப்பு. டொக்டரைப் பார்க்க நேரம் குறித்த டெர்மின் என்றாலும், நகரசபையில் அன்ட்றாக் என்ற விண்ணப்பம் என்றாலும், "தாஸ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார்கள்.

இவர் ஒரு சொல்லையும் விடமாட்டார். சொல்லுக்குச் சொல் மாற்றுவார். கருத்து வந்தால் வரட்டும், வராவிட்டால் அது கருத்தின் பிழை.

ஒருமுறை எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் இராசநாயகம் அண்ணையைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் "கிறவர் ஸ்டார்" என்றார். கண்ணில் வெண்புரை என்பதற்கு டொச்சில் அப்படித்தான் சொல்வார்கள். கிறவ் என்றால் சாம்பல், ஸ்டார் என்றால் ஆங்கிலத்தில் நட்சத்திரம். இவர் திரும்பி, "அண்ணை, உங்கடை கண்ணிலை சாம்பல் நட்சத்திரம் இருக்காம்" என்றார். இராசநாயகம் அண்ணை பயபக்தியோடு, "அது நல்ல நட்சத்திரமோ தாஸ்? சாதகத்தைக் கொண்டுவந்து காட்டட்டோ?" என்று கேட்டாராம்.

அதனால் குறொய்ட்ஸ்பாண்ட் விஷயத்தில் இவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். குறொய்ட்ஸ் என்றால் சிலுவை. பாண்ட் என்றால் கயிறு. கெரிசன் என்றால் அறுந்தது. பரீட்சையில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

யூட்டின் கழுத்தில் ஒரு சிலுவைக் கயிறு உண்மையாகவே இருந்தது. கெவெலார் மாதா கோவிலில் வாங்கி, மந்திரித்தெடுத்த கறுப்புக் கயிறு. அவன் முதன்முதலாக விளையாட்டுக்குத் தலைக்கவசம் போட்ட அன்று நான்தான் கட்டிவிட்டேன். கெவெலாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வருடத்துக்கு ஒருமுறை ஜேர்மனியில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் எல்லோரும் அங்கே கூடுவோம். அரைவாசிப் பேர் மாதாவைப் பார்ப்போம், அரைவாசிப் பேர் மாப்பிள்ளை பார்ப்போம்.

அன்று பின்னேரம் யூட்டிடமிருந்தும் கைத்தொலைபேசியில் ஒரு வரி வந்தது. "அம்மா, பாண்ட் போச்சு. பயப்பிடாதேங்கோ."

சந்தேகம் தீர்ந்தது. ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கயிறு சும்மா அறுமா? ஏதோ பெரிய கெடுதல் பிள்ளைக்கு வரவிருந்து, மாதா கயிற்றோடு கழித்துவிட்டா என்றுதான் நினைத்தேன். "புதுசு கொண்டு வாறன்" என்று பதில் அனுப்பினேன்.

உதைக்காத உதைபந்து

அவன் விளையாடியது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன்.

பந்து முட்டை வடிவம். இரண்டு பக்கமும் தலைக்கவசம் போட்டு, தோளில் தலையணை வைத்துக் கட்டிய தடியன்கள் குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்பவன் பந்தைத் தன் கால்களுக்கு இடையால் பின்னே கொடுப்பான். அதை வாங்குகிறவனுக்கு குவார்ட்டர்பாக் என்று பெயர். அதுதான் யூட். தூரத்தில் ஓடும் தன் ஆளுக்கு அவன் பந்தை எறிய வேண்டும். எறிவதற்கு முன் மறுபக்கத்துத் தடியன்கள் அவனை நிலத்தில் சாய்க்க வேண்டும்.

இதற்குப் பெயர் அமெரிக்க உதைபந்தாட்டம். பந்தை உதைப்பது அரிதிலும் அரிது. உதை வாங்குவதெல்லாம் என் பிள்ளைதான்.

ஆனால் உதைபந்து என்ற சொல் இருந்தால் இவருக்குப் போதாதா? "மகன் யூனிவேர்சிற்றி புட்போல் கப்டன்" என்று ஹம் முழுக்கச் சொல்லி வைத்தார். கோவிலடியில் என்னை மறித்துக் கேட்பார்கள்.

"எத்தினை கோல் அடிச்சவன்?"

"கோல் அடிக்கிறேல்லை. எறியிறவன்."

"ஓ, கோலியோ? பறவாயில்லை, அதுக்கும் ஒராள் வேணும்தானே."

நாங்கள் ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. ஆட்டங்கள் வார இறுதியில். எங்கள் வார இறுதிகள் எப்படிப்பட்டவை என்று வாசகர்களுக்குத் தெரியும்: பூசை, பிறந்தநாள், பூப்படைந்த பிள்ளைக்குச் சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள், அந்த ஐம்பதாவது பிறந்தநாளின் வீடியோ பார்க்க அழைப்பு. பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒரு ஞாயிறு கிடைக்கவில்லை.

தொலைபேசி வந்த அந்த ஞாயிற்றுக்குச் சில கிழமைகள் முன், இலையுதிர்காலத்தில், யூட் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி சொன்னான். சம்பளத்துக்கு விளையாடும் பெரிய அணி ஒன்று அவனை வசந்தகாலத்தில் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது. எடுபட்டால் படிப்பைக் கொஞ்சம் நிறுத்திவைப்பான்.

படிப்பை நிறுத்துவது என்றதும் நான் காளியானேன். கத்தோலிக்கக் காளி. இவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், அடுத்த நாள் ஊரெல்லாம் "மகனுக்கு ஸ்கொலர்ஷிப்" என்று மொழிபெயர்த்துவிட்டார்.

நான் கத்தி முடியும்வரை யூட் காத்திருந்தான். பிறகு சொன்னான்: "அம்மா, நான் கெட்டிக்காரன் இல்லை. யூனியிலை நான் கடைசி வாங்கிலை இருக்கிறவன். இது ஒண்டுதான் எனக்கு நல்லா வருது. இதை ஒருக்காச் செய்து பாக்க விடுங்கோ."

 பிள்ளை அப்படிக் கேட்டால் எந்தத் தாயால் பிறகும் கத்த முடியும்?

கெவெலார் வழியாக பான்

திங்கட்கிழமை விடிய வெளிக்கிட்டோம். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, நாங்கள் வேறு திசையில் கெவெலாருக்கு ரயில் ஏறினோம். ஒரு ரயில் பிந்தியது, ஒரு ரயில் வரவே இல்லை. அதைப் புதுச் செய்தியாக எழுதினால் ஜேர்மனியில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள்.

கெவெலாரில் கயிறு வாங்கினோம். ஒன்று போதாது என்று இவர் மூன்று வாங்கினார், "அவன் முரட்டு விளையாட்டுக்காரன், இன்னும் அறுக்கும்" என்றார். சுவாமியாரைப் பிடித்து மந்திரித்தெடுத்தோம். மெழுகுதிரி கொளுத்தினோம். பான் போய்ச் சேர, ஆஸ்பத்திரியில் இரவுச் சாப்பாடாகப் பாணும் சீஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலில் யூட் சாய்ந்திருந்தான். முகத்தில் வியர்வை. வலது கால் ஒரு மேடையில் ஏற்றிவைத்திருக்க, முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கழுத்தில் நான் கட்டிய கறுப்புக் கயிறு, சிலுவையோடு, ஒரு நூல்கூடப் பிரியாமல் அப்படியே கிடந்தது.

இவர் காலைப் பார்க்கவில்லை. குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இஞ்சை இருக்கே! அப்ப எது அறுந்தது?"

யூட் முழங்காலைக் காட்டினான். "அப்பா, குறொய்ட்ஸ்பாண்ட். உள்ளுக்கை இருக்கிற நார். குறுக்கும் மறுக்குமாச் சிலுவை மாதிரி இருக்கும். அதுதான்."

இவர் கையில் மூன்று கயிறுகளோடு நின்றார். என் வீட்டுக்காரருக்கு வார்த்தை வராமல் போனதை அன்றுதான் கண்டேன். தமிழிலும் வரவில்லை, டொச்சிலும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பூங்கொத்தோடு பயிற்சியாளர் உள்ளே வந்தார். மலை போன்ற மனிதர். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பற்றிக்கொண்டு, நான் எந்த ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்கிறேன் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அம்மாவே மகனுக்குப் புது நார் கட்டப்போகிறா என்று முழு அணிக்கும் சொல்லிவிட்டாராம். வீட்டில் இன்னும் நிறைய நார் வைத்திருக்கிறா என்றும்தான்.

யூட் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க வலித்தது. வலித்த வலியில் அழுதான். பயிற்சியாளர் போனபின் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அம்மா, நீங்கள் கன முழங்கால் பாத்திருக்கிறியள். இது சரிவரும்தானே?"

நான் வயோதிபர் இல்லத்தில் தாதி வேலை செய்கிறவள். முழங்கால்களைத் தூக்கிப் பிடித்து நடத்துவதுதான் என் பிழைப்பு. அந்த முழங்காலைக் கண்டதுமே இது பழையபடி வராது என்று என் கண் சொல்லிவிட்டது.

"ஓம் ராசா, வரும்" என்றேன்.

"அப்ப அந்தப் புதுக் கயிறை இதிலை கட்டிவிடுங்கோ."

முழங்கால் கட்டுக்கு மேலே மூன்றையும் கட்டினேன். அடுத்த நாள் காலை அதை அவிழ்க்க வந்த தாதியை அவன் விடவில்லையாம்.

கால் போன மர்மம்

அறுவைச் சிகிச்சை நடந்தது. பெரிய அணியும் நல்ல மனதோடு, இந்த வசந்தம் வேண்டாம், அடுத்த வருட வசந்தத்தில் வா என்று சொன்னது. யூட் ஹம்முக்கு வந்து எங்களோடு இருந்தான். ஊன்றுகோலோடு படிக்கட்டில் ஏறி இறங்கினான். கிழமையில் மூன்று நாள் முழங்காலுக்கான பயிற்சிச் சிகிச்சைக்குப் போனான். மிச்ச நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. முழங்கால் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தவர்கள்கூட வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெய் பூசு என்றார் ஒருவர். எண்ணெயைத் தொடாதே என்றார் அவருடைய மனைவி. நாலு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஹம் சுற்றுவட்டாரத்தில் நடமாடிய ஆடு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இராசநாயகம் அண்ணை வந்து சோபாவில் சாய்ந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நெடுநேரம் யோசித்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு விசயம்தான் பிடிபடேல்லை. கையாலை எறியிற விளையாட்டிலை எப்பிடிக் கால் போனது?"

கேள்வி நியாயமானது. அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மாதங்கள் போக யூட் ஊன்றுகோலை விட்டான். நடந்தான். பிறகு ஓடினான். திரும்பவும் பானுக்குப் போனான். தொலைபேசியில் குரல் மாறியிருந்தது, பழைய துடுக்கு வந்திருந்தது. தேர்வுக்கு இன்னும் சில கிழமைகள் என்றான். நானும் மனதுக்குள் நம்பத் தொடங்கினேன். என் கண்ணும் பிழைவிடலாம்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாலை, நான் வேலையில் ஒரு கிழவிக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது அழைத்தான்.

"அம்மா, திரும்பப் போச்சு."

"ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. தனிய நிண்டு பந்து எறிஞ்சனான். எறிய எண்டு திரும்பினன், அவ்வளவுதான். டொக்டர் சொல்லிப்போட்டார், இனி நடக்கலாமாம், பஸ்ஸுக்கு ஓடலாமாம். இது ஏலாதாம்."

  கிழவி சூப் கேட்டு மேசையைத் தட்டினாள்.

"முடிஞ்சுது அம்மா" என்றான். கரண்டியைக் கிழவியிடமே கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பிரதம விருந்தினர்

அந்தக் கோடையில் எங்கள் விளையாட்டுக் கழகம் வருடாந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியை வைத்தது. பிரதம விருந்தினராக யூட்டைக் கூப்பிட்டார்கள். எங்கள் சமூகத்தில் ஒரு விளையாட்டுக்காரனைக் கௌரவிக்க வேண்டும் என்றால், அவன் இனி விளையாடமாட்டான் என்பது உறுதியாக வேண்டும்.

யூட் வரமாட்டேன் என்றான். இவர் கெஞ்சினார். கடைசியில், கால் கட்டோடு, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான்.

பத்து மணி என்று அறிவித்த விழா பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. விளக்கேற்றினார்கள், காற்றில் அணைந்தது, திரும்ப ஏற்றினார்கள். இராசநாயகம் அண்ணை பொன்னாடை போர்த்தி, ஒரு விருதையும் தூக்கிக் காட்டினார். அதில் "காற்பின்னோன் யூட் மரியதாஸ்" என்று பொறித்திருந்தது.

"குவார்ட்டர் என்றால் கால். பாக் என்றால் பின். ஆகவே காற்பின்னோன்" என்று ஒலிவாங்கியில் விளக்கம் கொடுத்தார். சனம் கை தட்டியது. என் பக்கத்தில் நின்ற இவர், "நல்ல சொல்லு. எனக்கு வரேல்லையே" என்று பொறாமையோடு முணுமுணுத்தார். முழங்கால் போன பிள்ளைக்குக் காலிலேயே ஒரு பட்டத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

"இப்பொழுது எங்கள் காற்பின்னோன் அவர்கள் பந்தை உதைத்துச் சுற்றுப்போட்டியை ஆரம்பித்து வைப்பார்!"

மைதானத்தின் நடுவில் ஒரு பந்தை வைத்தார்கள். வட்டமான, வெள்ளைப் பந்து. எல்லோரும் கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள்.

யூட் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் காலையும் பார்த்தான். பிறகு கட்டுப்போட்ட காலை நீட்டிவைத்து மெல்லக் குனிந்து, பந்தைக் கையில் எடுத்தான். பக்கவாட்டில் திரும்பினான். கை பின்னுக்குப் போனதைத்தான் கண்டேன். கோல் கம்பத்தில் சாய்ந்து பன்டா குடித்துக்கொண்டிருந்த கோலியின் தலைக்கு மேலால் பந்து போய் வலையில் விழுந்தது.

"ஹான்ட்!" என்று, பந்தில் கை பட்டால் கத்துவதுபோல, மைதானம் முழுவதும் கத்தியது. "ஹான்ட்! ஹான்ட்!" ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பெண்களும் கத்தினார்கள். நடுவர் பழக்க தோஷத்தில் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து, பிரதம விருந்தினருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஒரே சிரிப்பு. யூட்டும் சிரித்தான். ஆனால் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, காலாலை! காலாலை!" என்றார் இராசநாயகம் அண்ணை. "பந்தைத் திரும்பக் கொண்டு வாங்கோ."

கொண்டுவந்து திரும்பவும் அவன் காலடியில் வைத்தார்கள்.

நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன். இவர் பின்னால் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

"அண்ணை, அவனுக்குக் காலாலை ஏலாது" என்றேன். "அவன் எறியிறவன். இவ்வளவு வருசமும் எறிஞ்சவன். நாங்கள் ஒருத்தரும் ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை."

தலைவரின் கையிலிருந்த ஒலிவாங்கி என் பேச்சை மைதானம் முழுவதும் கொண்டுபோனது. சிரிப்பு நின்றது. பந்தை எடுத்து யூட்டின் கையில் கொடுத்தேன்.

"எறி ராசா."

"எங்கை அம்மா?"

"உனக்கு ஏலுமான தூரத்துக்கு எறி."

அவன் பொன்னாடையைக் கழற்றி என்னிடம் தந்தான். எறிந்தான். பந்து கோல் கம்பத்தைத் தாண்டி, ரோல்ஸ் விற்ற கூடாரத்தையும் தாண்டி, எல்லையில் நின்ற மரங்களுக்கு மேலால் போனது. ஒருவரும் ஹான்ட் என்று கத்தவில்லை. நடுவர் விசிலைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்.

என் மகன் கடைசியாக எறிந்த பந்து அதுதான். நான் பார்த்தேன்.